கடல் பக்கம் பறக்காத வண்ணத்துப்பூச்சி

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போன புத்தக அச்சுப்படி இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. குழம்பு தெறித்துவிடும் என்று அம்மா அதன் மேல் ஒரு துவாயை விரித்து மூடியிருக்கிறா. இன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலை அட்டை இயந்திரத்தில் ஏறுகிறது என்று சொன்னாய். அதற்கிடையில் உனக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மூன்று நாட்களில் மூன்று தடவை உனக்கு ரெலிபோன் எடுத்தேன். முதல் தடவை உன் பக்கம், நுகேகொடையில், மழையா என்று கேட்டேன். இரண்டாம் தடவை சாப்பிட்டாயா என்று கேட்டேன். மூன்றாம் தடவை நீயே முந்திக்கொண்டு, "என்னப்பா, சும்மா சும்மா எடுக்கிறியள்? பிரஷர் குளிசை போட்டனீங்களோ?" என்றாய். ஓம் என்று சொல்லி வைத்துவிட்டேன். குளிசை போட்டது உண்மை. சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன். இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. விரும்பினால் உன் புத்தகத்திலேயே அச்சிடலாம், பத்திரிகைக்குக் கொடுக்கலாம். நான் பொய் சொன்னது ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால். திருத்தத்தை மட்டும் பெற்ற மகனின் காதுக்குள் சொல்லி முடித்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

புத்தகம் நன்றாக வந்திருக்கிறது. கொழும்பு வீட்டுத் தோட்டங்களிலும் பல்கனிகளிலும் காணக்கூடிய பூச்சிகளைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டும் புத்தகம் ஒன்று இதுவரை இல்லை. நீ நான்கு வருடம் அலைந்து செய்திருக்கிறாய். உள்ளே உள்ள படங்கள் எல்லாம் உன்னுடையவை. அட்டைப்படம் மட்டும் என்னுடையது. என்னிடம் சொல்லாமல் வைத்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே துவாயை விலக்குவதுபோல மெதுவாகத் தாளைத் திருப்பினாய். "அழக் கூடாது, சரியோ?" என்று பகிடி விட்டாய். நான் அழவில்லை. சாப்பாடு வேண்டாம் என்று எழும்பிப் போனதை நீ பெருமிதம் என்று எடுத்துக்கொண்டாய் என்று நினைக்கிறேன். இரவு வசதியாக இருந்து முன்னுரையைப் படித்தேன். அதில் நீ எழுதியிருப்பது இது: உனக்கு ஆறு வயது. அப்பா எக்சோராப் பூப்பற்றைக்கு முன்னால் நான்கு மணித்தியாலம் குந்தியிருந்து அந்தப் படத்தை எடுத்தார். கடைசிப் படத்தை எடுத்ததும் வண்ணத்துப்பூச்சி எழும்பி, மதிலுக்கு மேலால், தண்டவாளத்தையும் அதில் போன ரயிலையும் தாண்டிக் கடல் பக்கம் பறந்தது. நீ கேற் வரைக்கும் அதன் பின்னால் ஓடினாய். அன்று தொடங்கிய ஓட்டம்தான் இந்தப் புத்தகம்.

தம்பி, அது பறக்கவில்லை. நீ ஓடவும் இல்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. கமராவிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு அது கிடைத்த சண்டைக் காலத்தில் தமிழ் ஆட்கள் கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காலிக்குப் போகும் பெருவீதியில் நடக்க முடியாது. கடலை எடுத்தால் ஏன் கடலை எடுக்கிறாய் என்பார்கள், ரயிலை எடுத்தால் ஏன் ரயிலை என்பார்கள். ஒருமுறை சோதனைச் சாவடியில் மறித்து அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்தார்கள். அதற்குப் பிறகு நான் கேற்றுக்கு வெளியே கமராவைக் கொண்டுபோகவில்லை. கேற்றுக்கு உள்ளே இருந்தது, கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் நாங்கள் வாடகைக்கு இருந்த அந்தச் சிறிய வீட்டின் முன்பக்கம். ஒரு தேசிக்காய் மரம், ஒரு கறிவேப்பிலை, இரண்டு செவ்வரத்தை, ஒரு எக்சோராப் பற்றை. அவ்வளவுதான். அவற்றின் மேல் என்ன வந்து இருந்ததோ அதை எடுத்தேன். இயற்கையின் மேல் காதல் என்று நீ முன்னுரையில் எழுதியிருக்கிறாய். காதல் ஒன்றும் இல்லை, பயம். பயத்தில் குனிந்தவனுக்குக் கண்ணில் பட்டது பூச்சி. பிறகு பிடித்துப்போய்விட்டது, அது வேறு கதை.

நிலைமை கொஞ்சம் தளர்ந்த காலத்தில் ஒரு படப்பிடிப்பு வட்டத்தில் சேர்ந்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவார்கள். மற்றவர்களுக்குக் கார் இருந்தது, கை நீளத்துக்கு லென்ஸ் இருந்தது. சிறுத்தை, யானை, கழுகு என்று கொண்டுவந்து காட்டுவார்கள். நான் தேசி மரத்துப் புழுவை, கறிவேப்பிலைப் பூச்சியைக் கொண்டுபோவேன். எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். "ஆ, கறிவேப்பிலை வந்துட்டாரு, நாற்காலி குடுங்க" என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவர் கிளமென்ற். கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் எழுதுவினைஞர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், பூச்சிகளைப் பற்றி அந்த வட்டத்தில் எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர். அவர் அதை அன்பாகத்தான் வைத்தார் என்று பின்னர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். எனக்கு அப்போது அன்பைத் தேடிப் பார்க்கும் மனநிலை இல்லை. வேலைக்கு எனக்குப் பின்னால் வந்த இருவர் அந்த ஆண்டில் என்னைத் தாண்டி மேலே போயிருந்தார்கள். அவர்களின் பெயரை இன்றும் நான் இந்த வீட்டில் சொல்வதில்லை என்பது உனக்குத் தெரியும். எனக்கு எங்காவது ஓரிடத்தில் முதலாவதாக வரவேண்டியிருந்தது. வட்டத்தின் வருடாந்தக் கண்காட்சிக்குப் படம் கொடுக்கத் திங்கட்கிழமைதான் கடைசி நாள்.

சனிக்கிழமை மதியம் அது வந்தது. கறுப்பு இறக்கையில் இளநீலம் கொட்டியதுபோல இருக்கும் பெரிய வண்ணத்துப்பூச்சி. புளூ மோர்மன் என்று உன் புத்தகத்தில் நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறது. தேசி மரத்தில் முட்டையிட வந்த பெண் பூச்சி. அது தேன் குடிக்கும்போதுகூட இறக்கையை நிறுத்தாது, படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும் என்று நீயே எழுதியிருக்கிறாய். என்னிடம் இருந்த லென்ஸுக்கும் ஃபிலிம் சுருளுக்கும் அதைப் பிடிக்க வழியில்லை. எங்கேயோ வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் படித்திருந்தேன், பூச்சியைப் பத்து நிமிடம் குளிரில் வைத்தால் அசையாது, பிறகு வெயில் பட்டால் தெளிந்து பறந்துவிடும் என்று. அரிசி வடிக்கும் வடிதட்டால் அதை மூடிப் பிடித்தேன். மார்ஜரின் டப்பாவுக்குள் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். அந்த நேரம் ரெலிபோன் அடித்தது. மேலாளர். ஒரு லொறி விபத்து இழப்பீடு பற்றி நாற்பது நிமிடம் கதைத்தார். கதைக்கும்போது எனக்கு டப்பா ஞாபகம் வந்தது. ஞாபகம் வரவில்லை என்று சொல்லத்தான் இந்த வரியில் பேனா இழுத்தது. வந்தது. ஆனால் என்னைத் தாண்டி மேலே போனவர்களில் ஒருவர் அவர். ஒரு நிமிடம் பொறுங்கள் என்று அவரிடம் கேட்க எனக்கு மனமில்லை.

எடுத்துப் பார்த்தபோது கால்களை நெஞ்சோடு மடக்கிக் கிடந்தது. எக்சோராப் பூவின் மேல் வைத்து, இறக்கையை ஒரு ஈர்க்கால் விரித்துவிட்டேன். ஏழு படம் எடுத்தேன். பிறகு வெயிலில் வைத்தேன், உள்ளங்கையில் வைத்து ஊதினேன், சீனித்தண்ணீர் தொட்டு வைத்தேன். பின்னேரம் வரை பார்த்தேன். அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து, "இஞ்சேருங்கோ, வெண்டிக்காய்ப் பைக்குப் பக்கத்தில என்னத்தை வச்சனீங்கள்? நீலமாய்த் தூள் கிடக்குது" என்று கேட்டா. ஒன்றுமில்லை என்றேன். அவ வெளியே வந்து என் கையில் இருந்ததைப் பார்த்தா. "செத்துப்போச்செண்டால் செத்துப்போச்செண்டு சொல்லுங்கோவன்" என்றுவிட்டு உள்ளே போய்விட்டா. பத்திரிகைத் தாளில் சுற்றிக் குப்பை வாளியில் போட்டேன். நீ அப்போது உள்ளறையில் காய்ச்சலில் படுத்திருந்தாய். நூற்றிரண்டு. அன்று முழுவதும் நீ கட்டிலை விட்டு இறங்கவில்லை.

அடுத்த நாள் காய்ச்சல் விட்டதும், "பெரிய பூச்சி வந்ததாமே, எங்கயப்பா?" என்று கேட்டாய். பறந்து போய்விட்டது என்றேன். இந்த ஒரு பொய்யைப் பிள்ளைக்குச் சொல்லாத தகப்பன் இருக்கமாட்டான். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் தேவையில்லை. எந்தப் பக்கம் என்று கேட்டாய். கடல் பக்கம் என்றேன். மதிலுக்கு மேலாலா? ஓம். ரயில் வந்ததா? ஓம், வந்தது, ரயிலுக்கும் மேலால் போனது. ஒவ்வொரு நாளும் படுக்கும்போது அந்தக் கதையைக் கேட்டாய், நானும் ஒவ்வொரு நாளும் ஒன்றைச் சேர்த்தேன். ஒரு நாள் விளையாட்டாக, "நீயும் பின்னால ஓடினாய், மறந்திட்டியோ?" என்றேன். நீ முகட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாய். பிறகு "ஓம்" என்றாய். அந்த "ஓம்" எனக்கு இன்றும் கேட்கிறது. நான் சிரித்தேன், தம்பி. உன்னைக் கொஞ்சினேன்.

கண்காட்சியில் என் படம் முதலாவதாக வந்தது. நீல நாடா குத்தியிருந்தார்கள். அம்மாவையும் உன்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எல்லோரும் கைகொடுத்தார்கள். கிளமென்ற் கண்ணாடியைக் கழற்றி, மூக்குப் படத்தில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சத்தமாக இல்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "காலைப் பாருங்க. ஒரு கால்கூட பூவைப் பிடிக்கல. தேன் குடிக்கிற குழலும் சுருட்டினபடியே இருக்கு. மத்தியான வெயில்ல இறக்கையில எங்கேருந்து பனி வந்திச்சு? இது குளிர் காட்டின பூச்சிங்க." இருபது வயதிலிருந்து சேர்த்து வைத்த கோபமெல்லாம் அந்த மனிதரின் வழுக்கைத் தலையின் மேல் இறங்கியது. உங்களுக்குப் பொறாமை என்றேன். வயது போகப் போக மற்றவனின் படத்தைக் கெடுப்பதுதான் உங்களுக்குக் கலையாகிவிட்டது என்றேன். யாரோ சிரித்தார்கள். அத்தோடும் நான் விடவில்லை. "என்ர மகன் பக்கத்தில நிண்டவன். அவனைக் கேளுங்கோ" என்றேன்.

உன்னை ஒரு நாற்காலியில் ஏற்றிவிட்டார்கள். யாரோ ஒரு மாமா குனிந்து, "பூச்சி என்ன செய்தது மகன்?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு சொன்னாய், மதிலுக்கு மேலால் போனது, ரயிலுக்கு மேலால் போனது, கடல் பக்கம் போனது, நான் கேற் வரைக்கும் ஓடினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா கைதட்டவில்லை, கைப்பையின் வாரைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. கிளமென்ற் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சரி, பிள்ளை சொல்லிட்டாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். அதன் பிறகு அவர் அந்த வட்டத்துக்கு வரவில்லை. பொறாமைக்காரர் என்ற பெயர் அவருக்கு நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடங்களாக நானும் அந்தப் பெயரை எங்கும் விட்டுக்கொடுக்காமல் சொல்லிவந்தேன். உனக்கும் சொல்லியிருக்கிறேன்.

நான் முப்பது வருடம் காப்புறுதிக் கம்பனியில் இழப்பீட்டுப் பிரிவில் இருந்தேன். மற்றவர்களின் பொய்யைப் பிடிக்கச் சம்பளம் வாங்கியவன். உண்மையாக விபத்தைக் கண்டவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்காது, லொறியின் நிறம் சொல்வான், நேரம் சொல்லத் தடுமாறுவான். பொய்யனுக்குத்தான் எல்லாம் ஒழுங்காக ஞாபகம் இருக்கும். உன் முன்னுரையில் மதில் இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது, ரயில்கூட இருக்கிறது. ஒரு தடுமாற்றமும் இல்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் முதல் பந்தியிலேயே பிடித்திருப்பேன். ஆனால் நீ பொய்யன் இல்லை. நீ அதை உண்மையாகவே பார்க்கிறாய். கண்ணை மூடினால் உனக்கு அது பறக்கிறது. அதுதான் எனக்கு மூன்று இரவுகளாக நித்திரை இல்லாமல் செய்கிறது.

பயங்கள் பல, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாய்: பூச்சியைப் பிடிக்காதே, அடைக்காதே, படத்துக்காகக் குளிரில் வைக்காதே. அதற்கு எட்டுப் பக்கம் முன்னால், அட்டையில், குளிரில் வைத்துக் கொன்ற பூச்சி. அந்தக் காலத்தில் அதைக் கண்டுபிடிக்க ஒரு கிளமென்ற் தேவைப்பட்டார். இன்றைக்கு முகநூலில் பூச்சிக் குழு நடத்தும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒரு மணித்தியாலம் போதும், படத்தைப் பெருப்பித்துக் காலைப் பார்க்க. உன் பெயர்தான் அட்டையில் இருக்கிறது. உன் நான்கு வருட உழைப்பையும் அந்த மடங்கிய கால்களை வைத்துத்தான் அளப்பார்கள். இது ஒரு பயம். ஆனால் இது பெரிய பயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு அம்மா சொன்னதுதான் பெரிய பயம். "இத்தனை வருஷம் நான் வாய் திறக்கேல்லை. உங்கட மானம் எண்டு இருந்திட்டன். இப்ப அவன்ர மானம். நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?" என்றா. சொன்னால் அவன் என்ன ஆவான் என்று கேட்டேன். "அவன் ஒண்டும் ஆகான். நீங்கள் என்ன ஆவியள் எண்டுதான் உங்களுக்குப் பயம்" என்றா. பாதி சரி. மற்றப் பாதியை அவவுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. நீ என்மேல் கோபப்படுவாய், அது வரட்டும். ஆனால் பார்ப்பதைத் தொழிலாக வைத்திருப்பவன் நீ. இனி எதை நினைத்தாலும், இது நான் கண்டதா, அப்பா சொன்னதா என்று நின்று யோசிக்க வேண்டிவருமே, அதுதான் அந்த மற்றப் பாதி.

இன்று காலை கோட்டை பஸ் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு பஸ் எடுத்தேன். உன் அச்சகத்துக்குத்தான் போனேன். அட்டையை நிறுத்துங்கள், மகன் சொல்லி அனுப்பினான் என்று சொல்வதாக இருந்தேன். வாசலில் மை மணத்தது. உள்ளே இருந்த பெடியன் சிங்களத்தில், என்ன வேண்டும் அங்கிள் என்று கேட்டான். வாயைத் திறந்த பிறகுதான் உறைத்தது, மறுபடியும் உன் பெயரைச் சொல்லி நானே கதைக்கப் போகிறேன் என்று. ஒன்றுமில்லை மல்லி, வழி மாறி வந்துவிட்டேன் என்று அவனையும் சிங்களத்தில் தம்பி என்றே அழைத்துச் சொல்லித் திரும்பிவிட்டேன். அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் கிளமென்ற் இருக்கிறார். அது எனக்கு எப்போதும் தெரியும்.

அவர் கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். எழுபது கடந்துவிட்டது, ஒரு கண்ணில் அண்மையில் சத்திரசிகிச்சை செய்து பச்சைத் துணி தொங்கியது. "அட, கறிவேப்பிலை. உயிரோட இருக்கீங்களா?" என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னேன். டப்பா, ரெலிபோன், ஈர்க்கு, எல்லாம். நான் முடித்த பிறகு, "எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. இதச் சொல்லவா வெயில்ல வந்தீங்க? பையனுக்குச் சொல்லியாச்சா?" என்றார்.

"இன்னும் இல்லை."

"அப்ப எனக்கு எதுக்குச் சொல்றீங்க? பழகிப் பாக்குறீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. மன்னிப்புக் கேட்க வந்தவனோடு கதைக்கும் கதையா என்றேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பொறாமைக்காரன்னு சொன்னீங்க, அது போகட்டும். எனக்குப் பொறாமையும் இருந்திச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஆறு வயசுப் பிள்ளைய நாற்காலில ஏத்தினீங்க பாருங்க. அதுக்குப் பொறகு நான் என்ன பேச? பிள்ளை பொய் சொல்லுதுன்னு சொல்லவா? பேசறதுக்கு முந்தி அவன் உங்க வாயத்தான் பாத்தான். எல்லாரும் அவனப் பாத்தாங்க, நான் அதப் பாத்தேன்." பிறகு, பையன் என்ன செய்கிறான் என்று கேட்டார். புத்தகத்தைச் சொன்னேன். "அவனாவது பூச்சிய விட்டுட்டுப் படம் எடுக்கிறானா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்கிறார்கள். எனக்கு ஆகவில்லை. அவரை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. பிடிக்காத மனிதர் சரியாக இருப்பதைத் தாங்கப் பழகாமல்தான் என் வாழ்க்கையில் பாதியைக் கழித்தேன். உனக்கு நான் தரக்கூடிய புத்திமதி இது ஒன்றுதான். அதுவும் நான் செய்து காட்டாதது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, உன்னிடமிருந்து நான் ஒன்றை எடுக்கப் போகிறேன், அந்த இடத்தில் வைக்க ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டே வந்தேன். ஒன்று இருக்கிறது. உனக்கு அது ஞாபகம் இருக்காது. உனக்கு ஏழு வயதாக இருக்க வேண்டும், நீலப் பூச்சிக்குப் பிறகு ஒரு வருடம். நான் கோப்புகளோடு இருந்தேன். நீ கறிவேப்பிலை மரத்துக்குப் பக்கத்திலிருந்து கத்தினாய், "அப்பா, இந்த எறும்புக்கு எட்டுக் கால்!" நான் தலையை நிமிர்த்தவில்லை. எறும்புக்கு ஆறு கால்தான், ஒழுங்காக எண்ணு என்றேன். நீ மறுபடியும் எண்ணினாய். "எட்டுத்தான் அப்பா. முன்னங்காலைத் தூக்கி மீசை மாதிரி ஆட்டிக்கொண்டு போகுது. வந்து பாருங்கோவன்." பொய் சொல்லக் கூடாது என்று அதட்டினேன். நான் சொன்னேன், தம்பி, உன்னிடம், அந்த வாயால். நீ அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் கதவுக்குள்ளால் பார்த்தேன், முழங்காலில் நின்று இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாய். எறும்பு வேடம் போடும் சிலந்தி ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. உன் அச்சுப்படியில் எழுபத்தேழாம் பக்கத்தைப் பார்த்துத்தான், நேற்று, தெரிந்துகொண்டேன்.

பஸ்ஸில் இது ஞாபகம் வந்த பிறகு எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒரு பெரிய ஆள் அதட்டியும் நீ கண்டதை மாற்றிச் சொல்லவில்லை. நான் உனக்குள் போட்டது ஒன்று இருக்கிறது, நான் தொடாதது வேறொன்றும் உனக்குள் இருந்திருக்கிறது. இதை ஆறுதலுக்காகச் சொல்கிறேனோ என்று நீ சந்தேகப்படலாம். சந்தேகப்படு. அம்மாவிடம் கேள், அன்று அவ சமையலறை யன்னலில் நின்றவ. அவ சொல்வதையும் அப்படியே எடுக்காதே.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு முழு நாள் இருக்கிறது. அச்சகத்துக்கு நீதான் சொல்ல வேண்டும். அட்டைக்கு எந்தப் படத்தை மாற்றுவது என்று நான் சொல்லமாட்டேன், வாயில் வருகிறது, சொல்லமாட்டேன். முன்னுரையில் மூன்று வரியை மட்டும் அடி: அப்பா குந்தியிருந்த வரி, அது பறந்த வரி, நீ ஓடிய வரி. மற்ற எதையும் அடிக்காதே. உள்ளே நூற்றுப் பதின்மூன்று படங்கள் இருக்கின்றன. இன்று மத்தியானம் துவாயை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லாம் இலையைப் பிடித்திருக்கின்றன. அவற்றை நீதான் பார்த்தாய், தம்பி. ஒன்றுக்குக்கூட நான் பக்கத்தில் நிற்கவில்லை.

அப்பா